பழைய கணினிக்கு எந்த மென்பொருள்? சனசமூக நிலையங்களுக்கும் பாடசாலைகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் ஓர் ஒப்பீடு

2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இற்கான வழமையான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை மைக்ரோசொப்ட் நிறுத்திக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஏறத்தாழ 2018 இலிருந்து வந்த செயலியும் இல்லாத கணினிகளை முறைப்படி ஏற்பதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் பாடசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் உள்ள கணினிகளிற் பல, இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இயங்கும் பழைய மாணவர் சங்கங்கள் அனுப்பிவைத்தவை. அங்குள்ள அலுவலகங்கள் பாவித்துக் கழித்தவை. அவை நன்றாகவே ஓடுகின்றன, ஆனால் மேற்சொன்ன வரம்புக்குள் வருவதில்லை. ஆகவே புதுக் கணினி வாங்குவதா, இருப்பதை அப்படியே ஓட்டுவதா, எல்லாவற்றையும் இணையத்துக்கு மாற்றிவிடுவதா, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்துக்குப் போவதா என்று நிர்வாகக் குழுக்களும் ஆசிரியர்களும் சிறு அலுவலகம் நடத்துவோரும் தொடர்ந்து கேட்டுவருகின்றனர்.

இந்தக் கேள்வி ஏறக்குறைய எப்போதும் விலையிலேயே தொடங்குகிறது. விலையைக் கடைசியில் பார்த்தாற் போதும் என்பது என் கருத்து. மென்பொருளை இன்று நிறுவ எவ்வளவு செலவாகும் என்பதைவிட, ஐந்து ஆண்டுகளின் பின் அதைத் திருத்தவோ பிரதி எடுக்கவோ கைவிடவோ நினைக்கும்போது நம்மிடம் என்ன உரிமை இருக்கும் என்பதே பெரிய செலவைத் தீர்மானிக்கிறது.

முதலில் அளவுகோல்கள்

1980 அளவில் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டோல்மன், அங்கிருந்த அச்சுப்பொறியில் தாள் சிக்கினால் அச்சுக்காகக் காத்திருப்போரின் திரையில் அறிவித்தல் தோன்றும்படி அதன் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். பின்னர் ஸெரொக்ஸ் நிறுவனம் வழங்கிய லேசர் அச்சுப்பொறிக்கு மூலநிரல், அதாவது நிரலாளர் படித்துத் திருத்தக்கூடிய வடிவம், கொடுக்கப்படவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அதை வைத்திருந்தவரிடம் கேட்டபோது, எவருக்கும் கொடுப்பதில்லை என்று தாம் ஒப்பந்தம் செய்திருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். ஸ்டோல்மன் 1983 செப்டெம்பரில் கட்டற்ற இயங்குதளமொன்றை உருவாக்கும் குனூ திட்டத்தை அறிவித்ததற்கும் 1985 இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கியதற்கும் பின்னால் இருந்த காரணங்களுள் அந்த மறுப்பும் ஒன்று.

அவ்வறக்கட்டளை வகுத்த வரையறையின்படி, பயனருக்கு நான்கு சுதந்திரங்களைத் தரும் மென்பொருளே கட்டற்ற மென்பொருள்: எந்த நோக்கத்துக்காகவும் நிரலை இயக்கும் சுதந்திரம், அது எப்படி வேலை செய்கிறதென ஆராய்ந்து தன் தேவைக்கேற்ப மாற்றும் சுதந்திரம், பிரதி எடுத்துப் பிறருக்குக் கொடுக்கும் சுதந்திரம், மாற்றிய வடிவத்தையும் பிறருக்குக் கொடுக்கும் சுதந்திரம். இரண்டாவதற்கும் நான்காவதற்கும் மூலநிரல் கையில் இருந்தாக வேண்டும். இவற்றுள் எதுவும் விலையைப் பற்றியதன்று. கட்டற்ற மென்பொருளைப் பணத்துக்கு விற்கலாம். காசில்லாமற் கிடைக்கும் ஒன்று இந்த நான்கில் ஒன்றைக்கூடத் தராமலும் போகலாம்.

நிரல் எழுதத் தெரியாத ஒரு நிர்வாகக் குழுவுக்கு இவற்றால் என்ன பயன் என்று கேட்பது நியாயமே. நான்கையும் நடைமுறைக் கேள்விகளாக மாற்றிக்கொண்டால் விடை கிடைக்கும். இந்த மென்பொருளை எத்தனை கணினிகளில், எத்தனை காலத்துக்கு ஓட்டலாம், தொலைவிலிருந்து யாரேனும் அதை நிறுத்த முடியுமா? அதில் ஒரு பிழை இருந்தால், அல்லது தமிழ் இடைமுகம் தேவைப்பட்டால், நாமோ நாம் அமர்த்தும் ஒருவரோ அதைச் செய்ய முடியுமா? நிலையத்தில் பழகும் பிள்ளை அதே மென்பொருளை வீட்டுக்கும் கொண்டுபோகலாமா? உருவாக்கிய நிறுவனம் கைவிட்டால் வேறு யாரும் அதைத் தொடர முடியுமா? இவற்றோடு உலகியல் சார்ந்த மூன்று கேள்விகளையும் சேர்க்க வேண்டும்: இன்று எழுதும் கோப்பு பத்து ஆண்டுகளின் பின் திறக்குமா, தமிழில் தட்டச்சுச் செய்வது எப்படி, பழுதானால் இங்கே யார் திருத்தித் தருவார்?

உரிமம் வாங்கிய தனியுரிம மென்பொருள்

விண்டோஸ், எக்செல் போல, மூலநிரலையும் உரிமைகளையும் நிறுவனமே வைத்துக்கொண்டு விற்கும் மென்பொருள் இது. இதன் முதன்மையான பலம் பழக்கம். நகரத்துக் கணினிக் கடை ஒவ்வொன்றிலும் விண்டோஸைத் திருத்தத் தெரிந்தவர் இருக்கிறார். வேலைக்கு ஆள் எடுக்கும் அலுவலகம் எக்செல் தெரியுமா என்றே கேட்கிறது. சில கணக்கியல் நிரல்களும் கட்டட வரைபட நிரல்களும் விண்டோஸில் மட்டுமே ஓடுகின்றன. அத்தகைய நிரலில் நாள்தோறும் தங்கியிருக்கும் அலுவலகம் உரிமத்தை வாங்கிவிட்டு நிம்மதியாக இருப்பதே நல்லது. இதில் நான் வாதிட ஒன்றுமில்லை.

மறைந்திருக்கும் செலவு முதலாவதாக நாணயத்தில் வருகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த ஒரு டொலர், மே மாதத்தில் 350 ரூபாயைத் தாண்டியது. டொலரில் ஆண்டுச் சந்தா கட்டும் அலுவலகத்துக்கு, மென்பொருளின் விலை ஒரு சதமும் மாறாமலே, செலவு முக்காற் பங்கு கூடியது. இரண்டாவது, வன்பொருள்: மென்பொருளுக்காக ஓடும் கணினியைக் கழிக்கவேண்டி வருகிறது. விண்டோஸ் 10 இலேயே தொடர விரும்பும் நிறுவனங்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை கட்டண நீட்டிப்பு உண்டு. அது கணினி ஒன்றுக்கு முதலாண்டில் 61 டொலர். பின்னர் ஒவ்வோர் ஆண்டும் இரட்டிப்பாகும். கல்வி நிறுவனங்களுக்கான கட்டணம் மிகக் குறைவு என்பதைப் பாடசாலைகள் கவனிக்கலாம்.

மூன்றாவது செலவு பெரியது. வாங்கும் நாளில் எவர் கண்ணிலும் படாதது. உள்ளூர் அச்சகங்களில் நெடுங்காலம் கோலோச்சிய பக்க வடிவமைப்பு நிரலான பேஜ்மேக்கரை எடுத்துக்கொள்வோம். அதன் இறுதிப் பதிப்பான 7.0, 2001 இல் வெளிவந்தது. அடோபி நிறுவனம் தன் கவனத்தை இன்னொரு வடிவமைப்பு நிரலான இன்டிசைனுக்குத் திருப்பி, 2004 இல் பேஜ்மேக்கரின் வளர்ச்சியை நிறுத்திவிட்டது. விரும்பும் வேறொருவர் அதைத் தொடரலாம் என்றால் மூலநிரலும் இல்லை, உரிமையும் இல்லை. அதற்காகக் காசு கொடுத்து உரிமம் வாங்கியவருக்கும் நிலை இதுவே. கல்யாண அழைப்பிதழ் முதல் கோயில் மலர், நினைவு மலர் வரை அதில் வடிவமைத்த கோப்புகளைத் திறப்பதற்கென்றே பழைய கணினியொன்றை மூலையில் வைத்துக் காக்கும் அச்சகங்கள் உண்டு.

உரிமமில்லாப் பிரதி

பெயர் சொல்லி எவரும் இதைத் தெரிவதில்லை; கணினி வாங்கும்போது "எல்லாம் போட்டுத் தாறம்" என்ற கடைக்காரரின் வாக்குறுதியோடு தானாகவே வந்துவிடுகிறது. ஒப்பீட்டில் இதைச் சேர்க்காமல் விட்டால் கட்டுரை கண்ணியமாக இருக்கும், ஆனால் உண்மையாக இராது.

சட்டத்தை முதலிற் சொல்லிவிடலாம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலைப் பாதுகாக்கப்பட்ட ஆக்கமாகக் கொள்கிறது. உரிமை மீறிய நிரல் என அறிந்தும் அதை வணிக ஆதாயத்துக்காகப் பயன்படுத்துவது குற்றம். பதிவுசெய்யப்பட்ட சங்கமொன்று தன் கணக்கறிக்கையையே அத்தகைய நிரலில் தயாரிப்பது அழகன்று.

பாதுகாப்பு அதைவிட உடனடியான சிக்கல். இப்பிரதிகளைச் செயற்படுத்தும் 'கிராக்' நிரல்களுட் பல, தம்மை ஓட்டுமுன் நச்சுநிரற் காவலை நிறுத்தும்படி கேட்கின்றன. யார் எழுதினார் என்று தெரியாத நிரலுக்கு வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு காவல்நாயையும் கட்டிவைப்பது போன்றது அது. உரிமம் பிடிபடும் என்ற பயத்தில் இற்றைப்படுத்தலையும் நிறுத்திவைப்பார்கள். 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய வன்னாக்ரை, கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்டது. அது நுழைந்த ஓட்டைக்குரிய திருத்தம், ஆதரவிலிருந்த விண்டோஸ் பதிப்புகளுக்கு அதற்கு முன்னரே, அவ்வாண்டு மார்ச்சில், வந்துவிட்டது. இற்றைப்படுத்தாத கணினிகளே பெரிதும் மாட்டிக்கொண்டன.

அளவுகோல்களை வைத்துப் பார்த்தால், உரிமமில்லாப் பிரதி விலையைத் தவிர எதையும் மாற்றுவதில்லை. மூலநிரல் இல்லை, திருத்த முடியாது, செய்த நிறுவனம் கைவிட்டால் பேஜ்மேக்கரின் கதைதான். தனியுரிம மென்பொருளின் எல்லாக் கட்டுகளும் அப்படியே இருக்க, காசு கொடுத்தவருக்குக் கிடைக்கும் ஆதரவு மட்டும் கிடைக்காது. இது சிறந்த தெரிவாக அமையும் சூழ்நிலை ஒன்றை என்னால் எண்ணிப்பார்க்க முடியவில்லை.

விலையில்லா இணையச் சேவைகள்

கூகிள் டொக்ஸ் போன்றவை மிக வசதியானவை என்பதை மறுக்க முடியாது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையாகிய ஒருங்குறியில் (யுனிகோட்) தமிழைத் தொல்லையின்றி எழுதலாம்; கணினி பழுதானாலும் கோப்பு தப்பும்; நிலையத்தின் வரவு செலவை ரொறன்ரோவில் இருக்கும் பொருளாளர் அந்நேரமே பார்க்கலாம். ஒரு விழாக் குழு மூன்று மாதத்துக்கு இயங்கிக் கலைவதானால் இதைவிடப் பொருத்தமான தெரிவு இல்லை.

ஆனால் நிரல் ஓடுவது நம் கணினியிலன்று, அவர்களின் வழங்கியில் (சேர்வரில்). ஆகவே நான்கு சுதந்திரங்களைப் பற்றிய பேச்சுக்கே இங்கு இடமில்லை. நிபந்தனையை மாற்றும் உரிமை முழுவதும் ஒரு பக்கத்திடமே இருக்கிறது. கல்வி நிறுவனங்களுக்கு வரம்பில்லாச் சேமிப்பிடம் தந்துவந்த கூகிள், 2021 இல் அந்த ஏற்பாட்டை மாற்றுவதாக அறிவித்து, 2022 யூலையிலிருந்து நிறுவனமொன்றுக்குப் பொதுவாக 100 ரெராபைட் என்ற அடிப்படை வரம்பைக் கொண்டுவந்தது. சிறு பாடசாலைக்கு அந்த வரம்பு தாராளமானதுதான். நிபந்தனை மாறக்கூடியது என்பதே கவனிக்கவேண்டியது.

நம் ஊர்களில் இதைவிட அடிக்கடி நேர்வது வேறொன்று. சங்கத்தின் கோப்புகள் எல்லாம் அப்போதைய செயலாளரின் சொந்த மின்னஞ்சற் கணக்கில் தொடங்கப்படுகின்றன; இரண்டு ஆண்டுகளின் பின் அவர் வெளிநாடு போகிறார்; தொலைபேசி இலக்கம் மாறுகிறது; கடவுச்சொல்லை மீட்கும் குறுஞ்செய்தி எவருக்கும் வராத இலக்கத்துக்குப் போகிறது. இச்சேவைகளைப் பயன்படுத்துவோர் சங்கத்தின் பெயரில் தனிக் கணக்கொன்றைத் திறந்து, இருவரிடமாவது மீட்பு வழியைக் கொடுத்து, மாதமொருமுறை எல்லாக் கோப்புகளையும் இறக்கி வன்தட்டில் சேமிக்க வேண்டும்.

கட்டற்ற மென்பொருள்

பழைய கணினிகளைப் பொறுத்தவரை மிக எளிதாகச் சொல்லக்கூடியது, அவை ஓடும் என்பது. கட்டற்ற இயங்குதளமான லினக்ஸின் தொகுப்புகளுள் ஒன்று லினக்ஸ் மின்ட். அதன் எடைகுறைந்த எக்ஸ்எவ்சிஈ பதிப்புக்கு 2 கிகாபைட் நினைவகம் குறைந்தபட்சம். 4 இருந்தால் வசதி. பென் ட்ரைவ் ஒன்றில் ஏற்றி, வன்தட்டில் எதையும் தொடாமலே ஓட்டிப் பார்த்துவிட்டுத் தீர்மானிக்கலாம். ஒருமுறை இறக்கிய கோப்பை இருபது கணினிகளில் நிறுவலாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், அயலூர் நிலையத்துக்கும் கொடுக்கலாம். உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப மாணவர் பழகும் பைதன் நிரல்மொழியும் கட்டற்றதே. ஆகவே அந்தப் பிள்ளைக்கு வகுப்பிலும் வீட்டிலும் ஒரே கருவி முறைப்படி கிடைக்கிறது. கற்பிக்கும் இடமொன்றுக்கு மூன்றாவது சுதந்திரம் எத்தனை பெரியதென்பதை வேறெந்தத் தெரிவும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

செய்த நிறுவனம் கைவிட்டால் என்ன நடக்கும் என்ற கேள்விக்கும் இங்கு வரலாறு இருக்கிறது. கட்டற்ற அலுவலக மென்பொருளான ஓப்பின் ஒபிஸை வளர்த்த சன் நிறுவனத்தை 2010 தொடக்கத்தில் ஒராக்கிள் வாங்கியது. புதிய உரிமையாளரின் போக்கில் நம்பிக்கை இழந்த பங்களிப்பாளர் பலர், அதே ஆண்டு செப்டெம்பரில் மூலநிரலை எடுத்துக்கொண்டு லிப்ரே ஒபிஸ் என்ற பெயரில் தனியே தொடர்ந்தனர். எவரிடமும் அனுமதி கேட்கவேண்டியிருக்கவில்லை. நான்காவது சுதந்திரமே அந்த அனுமதி. பயனரின் கோப்புகளுக்கும் ஆபத்து நேரவில்லை, ஏனெனில் அவை ஓடிஎவ் என்ற, 2006 இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்ட, வெளிப்படையான வடிவத்தில் இருந்தன. பேஜ்மேக்கருக்கு நேர்ந்ததையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவருக்கு, நிரல் எழுதத் தெரியாதவருக்கும் மூலநிரல் ஏன் முக்கியம் என்பது விளங்கும்: அதைத் தொடரக்கூடிய யாரோ ஒருவர் இருந்தாற் போதும்.

நமக்கு அண்மையான சான்றுகளும் உண்டு. 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையின் பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருள்களையும் பதிவுசெய்ய இலங்கை நிரலாளர்கள் உருவாக்கிய சகானா, கட்டற்ற மென்பொருளாக இருந்ததால் 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் பயன்பட்டது. 2006 ஆம் ஆண்டின் சமூக நன்மைத் திட்ட விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்தி 2005 முதல் வளர்ந்துவரும் நூலகம் தளம், தமிழ் விக்கிப்பீடியா ஓடும் அதே கட்டற்ற நிரலான மீடியாவிக்கியில் அமைந்தது. அந்நிரலுக்கு உரிமக் கட்டணம் இல்லை.

இனி மறைந்த செலவுகள். இவற்றை ஆர்வலர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. முதலாவது பழகும் காலம். மூத்த எழுதுவினைஞர் ஒருவர் சில வாரங்களுக்கு ஒவ்வொரு பட்டியையும் தேடுவார், எரிச்சலடைவார். அந்த நேரமும் செலவுதான். இரண்டாவது, வெளியிலிருந்து வரும் வேர்ட் கோப்பு திறக்கும், ஆனால் அட்டவணையும் பக்க முறிவும் இடம் பெயரலாம். மக்ரோ என்ற தன்னியக்கக் கட்டளைகள் எழுதப்பட்ட எக்செல் கோப்பு முழுமையாக ஓடாமற் போகலாம். மூன்றாவது அச்சுப்பொறி. சில மலிவான லேசர் அச்சுப்பொறிகளுக்கு லினக்ஸில் ஒழுங்கான இயக்கி (ட்ரைவர்) இல்லை. ஆகவே மாறுமுன் பென் ட்ரைவிலிருந்து ஓட்டி, ஒரு பக்கமாவது அச்சடித்துப் பார்த்துவிட வேண்டும். நான்காவதும் பாரமானதும், திருத்தித் தருபவர் குறைவு என்பது. ஊரில் லினக்ஸ் தெரிந்த ஒருவரேனும் இல்லாமல் இருபது கணினிகளையும் ஒரே நாளில் மாற்றுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

கொள்கை பற்றியும் ஒரு சொல். உபுண்டு, மின்ட் போன்ற பெயர்பெற்ற லினக்ஸ் தொகுப்புகளிலும், வைஃபை சில்லை இயக்கும் சிறு நிரல் போன்ற மூடிய பகுதிகள் உண்டு. அதனாலேயே கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அவற்றைப் பரிந்துரைப்பதில்லை. முழுக்கவும் கட்டற்ற டிரிஸ்குவல் போன்றவற்றையே பட்டியலிடுகிறது. வைஃபை ஓடாத கணினியை நிலையத்தில் வைத்துக் கொள்கை பேசினால் கேட்க ஆளிராது என்பதால், இந்த விட்டுக்கொடுப்பு தகும் என்று கருதுகிறேன். ஆனால் அது விட்டுக்கொடுப்பு என்று தெரிந்தே செய்ய வேண்டும்.

எந்தத் தெரிவும் தீர்க்காத சிக்கல்: பாமினி

குடாநாட்டு அலுவலகங்களின் பழைய கோப்புகளைத் திறந்தால் பாமினியே நிறைந்திருக்கும். அது ஒருங்குறிக்கு முந்திய முறை: கணினி சேமிப்பது உரோம எழுத்துகளை, எழுத்துரு அவற்றைத் தமிழ்போலக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் 'யாழ்ப்பாணம்' என்ற சொல் உரோம எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குவியலாகத் தெரியும், தேடினால் அகப்படாது. லினக்ஸிலும் பாமினியை நிறுவிப் பழைய கோப்பைப் படிக்கலாம் என்றாலும், புதிதாக அதில் எழுதிக்கொண்டே போவது எந்த இயங்குதளத்திலும் நாளைய செலவைச் சேர்ப்பதாகும். ரெங்கநாதன், தமிழ் 99, தட்டச்சு ஆகிய விசைப்பலகை முறைகள் லினக்ஸில் ஒருங்குறிக்குக் கிடைக்கின்றன. பாமினியில் விரல் பழகியவருக்குத் தட்டச்சு முறை கிட்டத்தட்ட வீட்டுப் பாதைதான். நோட்டோ போன்ற கட்டற்ற எழுத்துருக்களை ஆவணத்தோடு சேர்த்தே பிறருக்குக் கொடுக்கலாம்.

யாருக்கு எது

சனசமூக நிலையத்தின் பொதுக் கணினிகளுக்குக் கட்டற்ற மென்பொருளே என் தெரிவு. அங்கு பத்திரிகை படிப்பதும் விண்ணப்பம் எழுதுவதும் பிள்ளைகள் பழகுவதுமே வேலை; இவற்றுக்கு விண்டோஸ் தேவையில்லை. பாடசாலை ஆய்வுகூடம் பாதியை மாற்றி, பாதியை உரிமமுள்ள விண்டோஸில் வைத்திருக்கலாம். இரண்டையும் கண்ட பிள்ளைக்கு நட்டமில்லை.

கணக்கியல் அலுவலகம் விண்டோஸில் இருந்துகொண்டே லிப்ரே ஒபிஸையும் பயர்பொக்ஸையும் நிறுவி ஆறு மாதம் பழகட்டும். நிரல்கள் பழகியபின் இயங்குதளத்தை மாற்றுவது சிறிய காரியம். கணக்கு நிரல் ஓடும் ஒரு கணினி மட்டும் உரிமத்தோடு விண்டோஸில் நிற்கலாம்.

அச்சகத்துக்கு இன்னும் முழுமாற்றத்தைச் சொல்லமாட்டேன். சிக்கலான எழுத்துமுறைகளைச் சீராகக் கையாளும் வசதி, கட்டற்ற பக்க வடிவமைப்பு நிரலான ஸ்கிரைபஸுக்கு 1.5 வரிசையில் வந்து, 2024 இன் 1.6 நிலைப்பதிப்பில் நிலைபெற்றிருக்கிறது. தமிழ் மலரொன்றை அதில் வடிவமைக்கலாம். ஆனால் வாடிக்கையாளர் நாளை காலை வேண்டுமென்று கொண்டுவரும் பழைய பேஜ்மேக்கர் கோப்புக்கு அது விடையாகாது. புதிய வேலைகளில் சிறியதொன்றை, அவசரமில்லாத ஒரு துண்டுப்பிரசுரத்தை, ஒருங்குறியில் ஸ்கிரைபஸில் செய்து பார்க்கலாம். பழைய கோப்புகளை, அவற்றைத் திறக்கும் கணினி உயிரோடிருக்கும்போதே, பிடிஎவ் ஆகவும் ஒருங்குறிக்கு மாற்றிய வெறும் எழுத்துக் கோப்பாகவும் எடுத்து இரண்டு இடங்களில் சேமித்துவிட வேண்டும். அச்சகம் எந்த மென்பொருளைத் தெரிந்தாலும் இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது.